எர்மெலிந்தா தட்டச்சு செய்யாத ஒன்பது நிமிடம்

"அப்புறம் என்னடி ஆச்சு?" என்று எர்மெலிந்தா கணினியைக் கேட்கிறார். ஹெட்போனில் இருப்பவள் பதில் சொல்ல மாட்டாள். அவள் மூன்று மாதத்துக்கு முன்பே ஏதோ ஒரு சமையலறையில் பேசி முடித்துவிட்டாள். எர்மெலிந்தாவின் வலது செருப்பு கழன்று கிடக்கிறது. வெறுங்கால், பதிவை ஓட்டும் மிதியின் மேல். அழுத்தினால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும்.

அசுன்சியோனில் எங்கள் ஆய்வு மையத்தின் பேட்டிகளைப் பத்தொன்பது வருடமாகக் கேட்டுத் தட்டச்சு செய்பவர் இவர்தான். குப்பை பொறுக்குபவர்கள், சிறைவாசலில் சாப்பாடு விற்பவர்கள். இப்போது, சிறுவயதிலேயே அடுத்தவர் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டு அங்கேயே வளர்ந்த பெண்கள். பேச்சு மட்டும் போதும் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. 'கோழி கத்துகிறது', 'மூடியைக் கீழே போடுகிறாள், வேண்டுமென்றே' என்று சேர்த்துவிடுவார். பேட்டி எடுப்பவன் குறுக்கே பேசினால் திட்டு விழும்: "வாய மூடேன்டா கழுத, அவ இப்பதான் தொறக்குறா." திட்டு வாங்கியவன் பெரும்பாலும் அடுத்த மேசையில் இருப்பான். பல நாள் அது நான்தான்.

ஐஸ் மிதக்கும் தெரெரே மூலிகைத் தேநீரை யாருக்கும் கொடுக்காமல் தனியாகக் குடிப்பார். ஒரே குவளை கைமாறிச் சுற்றிவரும் எங்கள் ஊரில் அது கிட்டத்தட்டக் குற்றம். கேட்டால், "ஒட்டுக்கேக்குற பொழப்புக்குப் பங்காளி வேறயா?" என்பார்.

நாற்பத்தோராம் பேட்டி, அப்படி அடுத்தவர் வீட்டில் வளர்ந்த திக்னாவுடையது. பாதியில் அவள், "அத நிறுத்து தம்பி" என்கிறாள். "நிறுத்திட்டேன்க்கா" என்கிறது என் குரல். பதிவு மேலும் ஒன்பது நிமிடம் ஓடுகிறது. எர்மெலிந்தா அடித்துக் கொடுத்த தாளில் அந்த ஒன்பது நிமிடம் இல்லை.

ஆய்வுத் தலைவர் நிமியா பதிவைக் கேட்டுவிட்டு நேரே எங்கள் மேசைகளுக்கு வந்தார்.

"புத்தகத்தோட உயிரே அங்கதான் இருக்கு அக்கா. பேரு, ஊரு எல்லாத்தையும் மாத்திடுறேன்."

"மாத்துங்க டீச்சர். அவ நிறுத்துன்னு சொன்னத எப்படி மாத்துவீங்க?"

"முப்பது வருஷமா அவ சொல்றத ஒருத்தரும் கேக்கல. நாமளும் காதப் பொத்திக்கணுமா?"

"அவ இவன்கிட்ட சொன்னா. நம்மகிட்ட சொல்லலியே."

"நீங்க அடிக்கலன்னா வேற ஆள்கிட்ட குடுக்கவேண்டியிருக்கும்."

"குடுங்க. அவளுக்குத் தெரியாம இன்னொரு ஆளும் கேக்கட்டும்."

நிமியா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கணினியில் இருந்த ஒலிப்பதிவுப் பிரதியைத் தன் கையாலேயே அழித்தார். ரெக்கார்டரை நீட்டி, "அப்ப அவளையே கேட்டுட்டு வாங்க" என்றார்.

சனிக்கிழமை எர்மெலிந்தாவும் நானும் பஸ் ஏறினோம். திக்னா முற்றத்தில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். எர்மெலிந்தா உட்காரக்கூட இல்லை.

"நீ நிறுத்தச் சொன்னப்ப இவன் நிறுத்தல. பொய் சொல்லிட்டான். நான் அதக் கேட்டு டைப் அடிக்கிறவ. நிறுத்தியிருக்கணும், முழுசாக் கேட்டுட்டேன். ரெண்டும் தப்பு."

திக்னா கத்தியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அது இப்ப எங்க இருக்கு?"

"இதுல மட்டுந்தான். இத அமுக்குனா பேசும். இத அமுக்குனா அழிஞ்சுடும். புத்தகத்துல வரணுமா வேணாமான்னு நீதான் சொல்லணும்."

ரெக்கார்டரை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். பிறகு, அந்த ஒன்பது நிமிடத்தையும் ஏற்கெனவே முழுக்கக் கேட்டவர், என் சட்டையைப் பிடித்து முற்றத்தின் கோடிவரை இழுத்துப்போனார். வேலியைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டு காதுகளையும் கைகளால் இறுகப் பொத்திக்கொண்டார்.