எனக்கு ஒட்டாத மெட்ராஸ் ஐ

ஆறாம் வகுப்பில் எங்கள் பிரிவில் பாதிப் பேர் மெட்ராஸ் ஐ வந்து, அரையாண்டுப் பரீட்சையிலிருந்து தப்பித்து வீட்டில் மகாராணி மாதிரி படுத்துக்கிடந்தார்கள். எனக்கு மட்டும் வருவேனா என்றது. கணக்குப் பரீட்சைக்கு ஐந்தே நாள்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அத்தைக்கு வலது கண் சிவந்தது. அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்துகொண்டு, ஜங்ஷனில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளைப் பின்பக்கத்து அறைக்கு அனுப்பி, தட்டு, பாய், துண்டு எல்லாவற்றையும் தனியாக்கினாள். “ஏட்டி, அத்தை கண்ணப் பாத்துராத, ஒட்டிக்கிடும்” என்று என்னை எச்சரித்தாள்.

வழி தெரியாமல் தவித்தவளுக்கு அம்மாவே வழி சொன்ன மாதிரி ஆயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொடியில் கிடக்கும் அத்தையின் ஈரத்துண்டை எடுத்து இரண்டு கண்ணிலும் அழுத்தித் தேய்ப்பேன். பிறகு அறை வாசலில் நின்று அவள் கண்ணையே முறைத்துப் பார்ப்பேன். அதில் பீளை கிடையாது. வெள்ளை விழி மட்டும் கன்றிப்போய்க் கருஞ்சிவப்பாக இருந்தது. “கண்ணத் தோண்டுத மாதிரி வலிக்கு” என்று நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொள்வாள். எனக்கோ ஒரு அரிப்புகூட இல்லை. அத்தை மேல் கோபம்தான் வந்தது. மூன்றாம் நாள் துண்டும் கையுமாக அவளிடம் மாட்டிக்கொண்டேன். அவள் துண்டை வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

கணக்கையும் எழுதித் தொலைத்தேன். மெட்ராஸ் ஐ என்று டாக்டர் முதலில் எழுதிக்கொடுத்திருந்த சொட்டு மருந்துக்கு அத்தையின் வலி கேட்கவில்லை. அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி டாக்டரிடம் போனாள்.

“வீட்ல வேற யாருக்கும் வரலையா?” என்றார் டாக்டர்.

“அவ்வளவு சுத்தமா ஒதுக்கி வச்சிருக்கோம் சார்” என்று அம்மா பெருமையோடு சொன்னாள்.

“இவங்க துண்டை யாரும் தொடலையே?”

அத்தை என்னைப் பார்த்தாள். “யாரும் தொடல சார்” என்றாள்.

“அதான் தப்பிச்சீங்க” என்று டாக்டர் அதே மருந்தைத் திரும்ப எழுதினார்.

இரண்டு வாரம் கழித்துப் பாளையங்கோட்டையில் வேறொரு டாக்டர், அத்தையின் கண்ணோடு வீங்கிய விரல் மூட்டுகளையும் பார்த்தார். மூட்டில் இருக்கும் அழற்சிதான் வெள்ளை விழியிலும் இறங்கியிருக்கிறது, இது யாருக்கும் ஒட்டாது என்றார். அதற்குள் அந்தக் கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டிருந்தது.

தினமும் துண்டைத் தேய்த்தும் எனக்கு வரவில்லை என்று முதல் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பேனா நின்றிருக்கும். இன்றைக்கு அது புரிகிறது. அன்றைக்கோ, அந்த டாக்டர் வீட்டுப் படியிறங்கும்போது அத்தையின் கையை இறுக்கப் பிடித்துக்கொண்டேன். அம்மாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லையே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.