அடியில் படுத்துப் பார்க்காத பிக்கப்

நாற்பத்தெட்டு வயதில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தக்காளி லோடு ஏற்ற மத்திகிரியில் ஒரு பழைய பிக்கப் வண்டி பார்த்தேன். விற்றவரே, "அடியில படுத்து நல்லா பாத்துக்கங்கண்ணா" என்றார். எதிர் டீக்கடையில் நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கூச்சம். "பரவால்லீங்க" என்று சொல்லி வாங்கிவிட்டேன்.

கெலமங்கலத்தில் ஏற்றிய முதல் லோடிலேயே வண்டி நடுவில் வளைந்து நின்றது. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"சேஸிஸ் பூரா துரு. ஒட்டுப்போட்டு பெயிண்ட் அடிச்சிருக்காங்க. இது வண்டி இல்லண்ணா, பெயிண்ட் டப்பா. குனிஞ்சிருந்தாவே தெரிஞ்சிருக்குமே."

வண்டி பழைய இரும்புக்குப் போனது. கம்பெனியில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

இப்போது தெரிந்தவர்கள் வண்டி வாங்கும்போது கூடப் போகிறேன். யார் சிரித்தாலும் சட்டையோடு மண்ணில் படுத்துப் பார்க்கிறேன். எனக்கு இன்னொரு வண்டி வாங்கத்தான் வழியில்லை.