கொங்கோ அன்ரியின் ஏற்புரை

எழுதுவதற்கு எனக்குத் தகுதி எதுவும் இல்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழும், இங்கே ஒன்பதாம் வகுப்போடு முடிந்துபோன படிப்பும்தான் என்னிடம் உள்ளவை. முதியோர் இல்லம் ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறப்பதென்றால் இன்றைக்கும் கூச்சம். பேச வேண்டிய இடத்தில் பேசாதவள் இப்போது எழுத வந்துவிட்டாள் என்று யாராவது நினைத்தால் அது நியாயம்தான். பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஊரில் போர் முடிந்ததற்கு அடுத்த வருடம். எனக்குப் பதின்மூன்று வயது. பிரெஞ்சு பேசும் இந்த நொஷாட்டல் நகரத்தில், ரயில் நிலையத்திலிருந்து ஏரிப் பக்கமாக இறங்கும் தெருவில் அப்பா கடை வைத்திருந்தார். பெயர்ப்பலகை தமிழ்க்கடை என்று சொன்னாலும் சாமான் வாங்க வருபவர்களில் பாதிப் பேர் ஆபிரிக்கர்கள். மரவள்ளிக் கிழங்கு, வாழைக்காய், வெண்டிக்காய், கருவாடு என்று இரண்டு பக்கத்தாரும் ஒரே பொருட்களைத்தான் தேடினார்கள். தலைக்குப் பூசும் களிம்புகளுக்கு மட்டும் தனித் தட்டு ஒன்று இருந்தது.

அந்தத் தட்டில் களிம்புப் போத்தல்களுக்குப் பக்கத்தில் கொங்கோ அன்ரி எழுதிய புத்தகத்தின் பத்துப் பிரதிகள் நின்றன. கொங்கோ நாட்டிலிருந்து வந்து எங்கள் கடையில் சாமான் வாங்கும் அன்ரி விடியற்காலையில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை செய்தார். மிச்ச நேரத்தில் ஏழு வருடமாக அந்தப் புத்தகத்தை எழுதியிருந்தார். பிரெஞ்சு மொழியில் எழுதியது. பல பதிப்பகங்களுக்கு அனுப்பினாராம். எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் உங்கள் கண்டத்தைப் பற்றி எங்கள் வாசகர்கள் எதிர்பார்ப்பது இதில் இல்லை என்று ஒருவர் பதில் போட்டிருந்தார். அன்ரி எழுதியிருந்தது நொஷாட்டலைப் பற்றி. கடைசியில் இணையத்தில் ஓர் அச்சகத்தைப் பிடித்து, தன் சம்பளத்திலேயே நூற்றைம்பது பிரதிகள் அடித்தார். பதிப்பகம் இல்லாத புத்தகத்தை எடுப்பதில்லை என்று புத்தகக் கடைகள் சொல்லிவிட்டன. அதனால்தான் எங்கள் கடை. மூன்று மாதத்தில் இரண்டு பிரதிகள் விற்றன. அதில் ஒன்றை வாங்கியவர் அது சமையல் புத்தகம் என்று நினைத்திருந்தார்.

என் பெரியப்பா இங்கத்தைய தமிழ்ச் சங்கங்களின் ஆள். மூன்று கவிதைத் தொகுதிகள் போட்டவர். ஒரு நாள் வாழைக்காய் வாங்க வந்தவர் அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். எழுதினவ தானே அச்சடித்தது, அதைச் சொல்ல மனுசிக்குக் கொஞ்சம் வெட்கம் என்று அப்பா சொன்னார். பெரியப்பாவுக்கு அது விளங்கவே இல்லை.

"சொந்தக் காசிலை போடாமல் வேறை ஆரின்ரை காசிலை போடுறது? நான் மூண்டு புத்தகம் போட்டனான். ஒருத்தன் தேடி வந்து கேட்டவனோ?"

அவர் அறிந்த உலகத்தில் எழுதுகிறவர்கள் எல்லோரும் தாங்களே அச்சடித்தார்கள். அதில் ஒளிக்க எதுவும் இல்லை. அன்ரி செய்த ஒரே பிழை வெளியீட்டு விழா வைக்காததுதான் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். மண்டபம் எடுத்து, விளக்கேற்றி, பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டு முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் கொடுத்தால், சனம் காசு வைத்து வாங்கும், எண்பது புத்தகம் போய்விடும். சனம் வாசிக்குமா என்று அப்பா கேட்டார். தன்னுடையதை வாசித்தவர்கள் எத்தனை பேர் என்று பெரியப்பா திருப்பிக் கேட்டார்.

இதையெல்லாம் அன்ரிக்குப் பிரெஞ்சில் சொல்லும் வேலை என்னுடையதாயிற்று. அவர் முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார். சம்மதம், ஆனால் தன் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைத் தானே வாசிக்க வேண்டும், அது ஒன்றுதான் தனக்கு வேண்டும் என்றார். கடைசியில் எழுதியவர் பேசும் ஏற்புரை இருக்கிறது, அதில் வாசிக்கட்டும், பிள்ளை பக்கத்தில் நின்று தமிழில் வாசிக்கும் என்றார் பெரியப்பா. பிள்ளை நான்.

நாலு புதன்கிழமைகள், பின்னேரம் பள்ளி இல்லாத நேரத்தில், கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளில் இருந்துகொண்டு அந்தப் பக்கத்தைத் தமிழாக்கினோம். அன்ரி தெரிந்தெடுத்த பக்கம் எனக்குப் பெரிய ஏமாற்றம். ஒரு பெண் அலுவலகத்தில் படிவம் நிரப்புகிறாள். உடன்பிறந்தோர் எத்தனை பேர் என்று ஒரு கட்டம். மூன்று என்று எழுதுகிறாள், வெட்டி இரண்டு என்று எழுதுகிறாள், அதையும் வெட்டுகிறாள். புதிய படிவம் கேட்கிறாள். மூன்றாவது முறை கேட்டபோது, உனக்கு எண்ணத் தெரியாதா என்று எழுத்தர் கேட்கிறார். அவ்வளவுதான். பனி விழும் பக்கம் ஒன்று இருக்கிறது, அதை வாசிக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். இதுதான் வேண்டும், அங்கே வருகிறவர்களுக்கு விளங்கும் என்றார் அன்ரி.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் ஒன்றின் வாடகை மண்டபத்தில் நடந்தது. ஆறு மணிக்கு மண்டபத்தைப் பூட்டித் திறப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அன்ரி மஞ்சளும் நீலமுமாகப் பெரிய பூப்போட்ட உடுப்பில், அதே துணியில் தலைக்கட்டோடு வந்தார். எங்கள் பெண்கள் துணியைத் தொட்டுப் பார்த்து விலை கேட்டார்கள். வாசலில் ஒருவர் பெரியப்பாவிடம், கறுவல் மனுசியின்ரை புத்தகத்துக்கும் நாங்களோ விழா எடுக்கிறது என்று கேட்டார்.

"ஏன், நீர் வெள்ளையோ?" என்றார் பெரியப்பா. "உள்ளை போய் இரும். வடை ஆறுது."

விளக்கேற்றினார்கள். அகவணக்கத்துக்கு எல்லோரும் எழுந்தபோது எதற்கு என்று அன்ரி என்னைக் கேட்டார். போரில் செத்தவர்களுக்கு என்றேன். மற்றவர்கள் உட்கார்ந்த பிறகும் அவர் சற்று நேரம் நின்றார். அதன்பின் வரவேற்புரை, ஆசியுரை, மூன்று வாழ்த்துரைகள். வாழ்த்தியவர்கள் எவரும் புத்தகத்தை வாசித்திருக்கவில்லை. ஒருவர் ஆபிரிக்கக் காடுகளைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினார். நான் அதை அன்ரிக்குச் சுருக்கி, உங்களை வாழ்த்துகிறார் என்று சொன்னேன். அன்ரி பொறுமையாக இருந்தார். மடியில் புத்தகம். அந்தப் பக்கத்துக்குள் ஒரு விரலை விட்டு வைத்திருந்தார்.

நான் வாசிக்க வேண்டிய தமிழ்த் தாள் கை வியர்வையில் நனைந்துவிட்டது. என் வகுப்புத் தமிழ்ப் பையன்கள் மூன்று பேர் முன்வரிசையில் இருந்தார்கள்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மண்டபத்துக்குப் பொறுப்பானவர் வாசலில் வந்து நின்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். பிரதிகள் கொடுக்கும் வரிசை இன்னும் முடியவில்லை. பெரியப்பா மேடையில் எனக்குக் கிட்டக் குனிந்தார்.

"பிள்ளை, அன்ரி அந்தப் பக்கத்தைக் கட்டாயம் வாசிக்க வேணுமாமோ எண்டு கேள். ஓமெண்டால் நான் வரிசையை நிப்பாட்டுறன்."

நான் அன்ரியின் பக்கம் திரும்பினேன். புத்தகங்கள் நன்றாகப் போகின்றன, சந்தோசமா என்று பிரெஞ்சில் கேட்டேன். அவர் சிரித்துத் தலையாட்டினார். நான் பெரியப்பாவிடம் திரும்பினேன்.

"தேவையில்லையாம். எல்லாருக்கும் நன்றி சொல்லட்டாம்."

பிறகு அன்ரியிடம், மண்டபத்தைப் பூட்டப் போகிறார்கள், வாசிக்க நேரம் இல்லையாம் என்றேன். அவர் வாசலில் நின்ற மனிதரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விரலை எடுத்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். பெரியப்பா ஒலிவாங்கியில் நன்றி சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள். வரிசையில் வந்தவர்கள் காசு வைத்த என்வலப் கொடுத்து, புத்தகம் வாங்கி, படம் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். பெரியப்பா சொன்ன எண்பதுக்கு மேலே இன்னும் இரண்டு போனது. வீடு வரும்வரை எனக்கு உடம்பு இலேசாக இருந்தது. ஒரு படிவத்தைப் பற்றிய பக்கம்தானே, அதைக் கேளாமல் யாருக்கு என்ன குறை என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, போரின் கடைசி நாட்களுக்குப் பிறகு இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டுப் படிவங்களை நான்தான் நிரப்புவேன். சகோதரர்கள் என்ற இடம் வந்தால் அதை விட்டுவிட்டு மற்றதை எழுதச் சொல்லி, அம்மா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவார். அவருக்கு எண்ணிக்கை சரியாக ஞாபகம் இல்லை என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அன்றைக்கு அம்மா மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தார். அவருக்குப் பக்கத்திலும் பின்னாலும் அவரைப் போல எண்ண முடியாதவர்கள் யார் யார் இருந்தார்கள் என்று இப்போது என்னால் ஒவ்வொருவராகச் சொல்ல முடியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்வரிசையில் இருந்த மூன்று பையன்கள்தான்.

அடுத்த நாள் திங்கட்கிழமை நாலரை மணிபோல அன்ரி கடைக்கு வந்து அப்பாவுக்கு நன்றி சொன்னார். ஒரு கொத்து வாழைக்காய் வாங்கினார். பிள்ளை எங்கே என்று கேட்டார். நான் பின்னறையில் தேங்காய்ப்பால் தகரப் பேணிகளுக்கு விலை ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை.