உரசும் கதவு

கொச்சி மட்டாஞ்சேரியில் என் வீட்டுக் கார் ஷெட்டின் மரக்கதவு தொங்கிப்போய்த் தரையில் உரசியது. சரிசெய்ய வந்த தச்சருக்கு ஒரு தோள் தாழ்ந்திருந்தது. பையைத் திறக்கும் முன், கண்ணை மூடியபடி கதவை இழுத்து, அதன் சத்தத்தைக் கேட்டார்.

"தூக்கிப் பிடிக்க ஆள் வேணும். சேட்டனைக் கூப்பிடுங்க, சேச்சி."

"நான் மட்டும்தான்."

நான் கடப்பாரையால் நெம்பிப் பிடிக்க, அவர் கீல்களை மாற்றினார். கதவு நிமிர்ந்தது. ஆனாலும் அடியில் லேசாக உரசியது.

"அதையும் இழைச்சுடுங்களேன்."

"இருக்கட்டும் சேச்சி. தனியா இருக்கறவங்க கதவுல கொஞ்சம் சத்தம் விட்டுருவேன். வீடு வந்து சேர்ந்தது பக்கத்துல தெரியணுமில்ல?"

"உங்க வீட்டுக் கதவு?"

உளியைத் துடைத்துப் பையில் வைத்தார். "நல்லாவே உரசும்."

சாயங்காலம் கதவை இழுக்கும்போதெல்லாம், அவர் வீட்டுக் கதவுச் சத்தம் யாருக்குக் கேட்கும் என்று நினைத்துக்கொள்வேன்.