டெல்பினின் கல்லில் இரண்டாவது வரி

கிருஷ்ணகிரி ரோட்டில் கிரானைட் பட்டறை வைத்திருக்கும் கோவிந்தப்பன், கறுப்புக் கல்லின் மேல் சாக்பீஸால் ‘டெல்பின்’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

“பேரு ஆச்சுணா. கீழ என்ன வேலைன்னு போடறது?”

மத்திகிரிக் கல்லறைத் தோட்டத்தில் அது வழக்கம். பெயருக்குக் கீழே பார்த்த வேலை இருக்கும். ஆசிரியை, டர்னர், ராணுவ வீரர். ஒரு கல்லில் ‘பேண்டு வாசிப்பவர்’ என்றுகூட உண்டு. கல்லுக்குச் சொல்லியிருந்த ராயப்பன் எதிரே நின்று சாக்பீஸ் எழுத்தைப் பார்த்தார். இருபத்தேழு வயது மகள் ஜூன் மாதக் காய்ச்சலில் போய்விட்டாள். பெங்களூர் கம்பெனியில் ஐந்து வருடம் வேலை பார்த்தவள். என்ன வேலை என்று பெற்றவருக்குத் தெரியவில்லை.

“கேட்டுட்டு வந்து சொல்றேம்பா.”

“கல்லறைத் திருநாளுக்குள்ள வேணும்னா சீக்கிரம் சொல்லுங்க. கடைசி வாரத்துலதான் எல்லாரும் வந்து கழுத்துல உக்காருவாங்க.”

வீட்டில் மனைவி கிருபாராணி எரிந்து விழுந்தாள். “இதுல கேக்கறதுக்கு என்னங்க இருக்கு? சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஊருக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா?”

“அவ கார்டுல அப்படி இல்லையே ராணி.”

ஃப்ரிட்ஜ் பக்கத்து ஆணியில் அந்த அடையாள அட்டை இன்னும் தொங்கியது. அதில் ‘அசோசியேட்’ என்றுதான் இருந்தது. நாகரசம்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம் டெல்பின் வேறொன்று சொன்னாள்: சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியர். மாப்பிள்ளையின் மாமா எல்லாம் புரிந்தவர்போல் தலையாட்டிவிட்டு, “அப்போ சாஃப்ட்வேர்தானே?” என்றார். அவள் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றாள்.

ராயப்பன் சிப்காட்டில் முப்பது வருடமாக மிஷின் செட்டர். அவர் உலகத்தில் பெயரைச் சொன்னால் வேலை தெரிந்துவிடும். டர்னர் கடைவார், வெல்டர் பற்றவைப்பார், பேக்கிங்கில் இருப்பவர் பெட்டி கட்டுவார். வீட்டில் டெல்பின் செய்ததாக அவர் கண்டதெல்லாம் ஒன்றுதான். போன் அடிக்கும், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு லேப்டாப் முன்னால் போய் உட்காருவாள். திரும்பி வரும்போது சாம்பார் ஆறியிருக்கும்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு இருந்தது. ராயப்பன் வீட்டுக்கு வந்ததும் மெயின்டனன்ஸ்காரர்களைத் திட்டித் தீர்ப்பார். “மிஷின் நின்னாதான் அந்தத் தீர்த்தகிரி மூஞ்சியே தெரியும். மத்த நேரமெல்லாம் டீக்கடை.” டெல்பின் விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்புறம் தவறாமல் கேட்பாள்: “அந்த அண்ணன் வந்ததும் முதல்ல எதைப் பாத்தாருப்பா?” இவளுக்கு எதற்கு இது என்று அவர் நினைத்துக்கொள்வார். “யாருக்குத் தெரியும்” என்று கை கழுவப் போய்விடுவார்.

சனிக்கிழமை அத்திப்பள்ளி வழியாகப் பஸ் பிடித்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போனார். மகளோடு வேலை பார்த்த ப்ரீதாவும் வெங்கட்டும் காபிக் கடையில் காத்திருந்தார்கள்.

“நீ என்ன வேலைம்மா?” என்று அவரே ஆரம்பித்தார்.

“ஸ்க்ரம் மாஸ்டர் அங்கிள்.”

“அப்போ இவங்கல்லாம் உனக்குக் கீழயா?”

“ஒருத்தர்கூட இல்ல. காலையில எல்லாரையும் நிக்க வெச்சு, நேத்து என்ன முடிச்சீங்க, எங்க மாட்டிக்கிட்டீங்கன்னு கேப்பேன்.”

“எங்க சூப்பர்வைசரும் அதான் கேப்பாரு. அப்புறம் திட்டுவாரு.”

“நான் திட்டக் கூடாது. அதுக்குத்தான் பேரையே மாத்தி வெச்சிருக்காங்க.”

வெங்கட் ப்ராடக்ட் ஓனராம். “சொந்தக் கம்பெனியாப்பா?” என்று ராயப்பன் மரியாதையோடு கேட்டார்.

“நான் உக்கார்ற சேர்கூட எனக்குச் சொந்தமில்ல அங்கிள்.”

மூவரும் சிரித்தார்கள். ராயப்பனுக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. பக்கத்து மேசைக்காரர்கள் என்ன வேலை என்றுகூடக் கேட்டார். ஆர்க்கிடெக்ட் என்றார்கள். வீடு கட்டாத ஆர்க்கிடெக்ட். அந்தக் கோடியில் இருந்தவர் எவாஞ்சலிஸ்ட் என்றதும், சுவிசேஷ ஊழியர் என்று நினைத்து ராயப்பன், “எந்தச் சபை?” என்றார். கம்பெனி செய்யும் பொருளைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுவதுதான் அவர் வேலையாம்.

“சரி, டெல்பின்?”

வெங்கட் கப்பை நகர்த்தி வைத்தான். “போன தீபாவளிக்கு நம்ம கம்பெனியோட பஸ் டிக்கெட் புக்கிங் மொத்தமா படுத்துடுச்சு அங்கிள். அவதான் உக்காந்து தூக்கி நிறுத்துனா. எது நிக்குதோ அதை ஓட வெக்கறது, மறுபடி நிக்காம பாத்துக்கறது, அதான் அவ வேலை. அன்னிக்குத் தப்பு என்னுது. அவ ரிப்போர்ட்ல என் பேரே இல்ல. எது நின்னுச்சு, ஏன் நின்னுச்சு, அவ்ளோதான். யாருன்னு கேக்கவே மாட்டா.”

ராயப்பன் சட்டென்று நிமிர்ந்தார்.

“மெயின்டனன்ஸ்” என்றார்.

“அப்படித்தான் அங்கிள். கொஞ்சம் பெரிய பேரா வெச்சிருக்காங்க.”

ஊர் திரும்பும் பஸ்ஸில் அவருக்குள் ஒரே கேள்விதான் ஓடியது. நானும் அந்த மெயின்டனன்ஸ் ஜாதிதான்பா என்று அவள் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லவில்லை? அவர் திட்டத் திட்ட எதற்காக அப்படிச் சிரித்தாள்?

திங்கட்கிழமை ஏழாம் நம்பர் மிஷின் நின்றது. டூல் பையோடு வந்த தீர்த்தகிரி, திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார்.

“தீர்த்தகிரி, நீ வந்ததும் முதல்ல எதைப்பா பாப்ப?”

அவர் சந்தேகமாகப் பார்த்தார். “மிஷினைப் பாக்க மாட்டேண்ணா. நிக்கறதுக்கு முன்னாடி என்ன சத்தம் வந்துச்சுன்னு கிட்ட நின்ன ஆளைக் கேக்கணும். நீங்கதான் கேக்க விட்டதே இல்ல.”

“விசில் மாதிரி வந்துச்சு. சன்னமா.”

“அப்படிச் சொல்லுங்க!” என்று தீர்த்தகிரி நேராகப் பின்பக்கத்துக் காற்றுக் குழாயிடம் போனார். ராயப்பனும் கூடவே போய், அவர் கை எங்கெங்கே போகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை கிருபாராணியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. “மெயின்டனன்ஸ்னு மொட்டையாப் போட்டா பைப்பு ரிப்பேர் பண்ணவன்னு நினைப்பாங்க. என் பொண்ணு படிச்ச படிப்பு கல்லுல இருக்கணும். இன்ஜினியர்னு வரணும்.”

“வரட்டும். அவ பாத்த வேலையும் வரணும்.”

மறுநாள் இருவருமே பட்டறைக்குப் போனார்கள். கிருபாராணி சாக்பீஸை வாங்கிப் பெயருக்குக் கீழே தானே எழுதினாள்: பராமரிப்புப் பொறியாளர். கோவிந்தப்பன் தலையைச் சாய்த்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“நீளமா இருக்கே. இது கம்பெனி குடுத்த பேருங்களாக்கா?”

“இல்லப்பா” என்றாள் கிருபாராணி. “டெல்பின்னு வெச்ச மாதிரி, இதையும் நாங்களே வெச்சோம்.”

கோவிந்தப்பன் அளவுகோலை எடுத்து, எழுத்துகளுக்கு இடம் பிரிக்க ஆரம்பித்தார்.