கரி வாடை இல்லாத சென்ட்

ஜெபராஜ் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் காரியாபட்டியில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தேன். "தூக்கத்துலயே போயிட்டாகக்கா" என்று போனில் அழுதாள் ஸ்டெல்லா. சிவகாசியில் எங்கள் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் நாங்கள் மூவரும் நர்ஸ்கள். இலையை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

அந்த வார்டில் இருந்த எல்லோருக்கும் அண்ணனின் வாசனை தெரியும். லாவெண்டரும் ஷேவிங் சோப்பும் பவுடரும் கலந்த சலூன் வாசனை. பட்டாசு ஆலையில் வெந்து வந்த நாரணாபுரத்து மாரியப்பன் ஒருநாள் கண்ணைத் திறக்காமலே, "அண்ணே, நீங்க கிட்ட வந்தா சலூன்ல உக்காந்திருக்க மாதிரி இருக்கு" என்றான். அதற்குப் பிறகு அண்ணன் சென்ட் இல்லாமல் டியூட்டிக்கு வந்ததில்லை. டாக்டர் கடிந்துகொண்டபோது, "புண்ணுல போடல சார், என் காலர்லதான். கொஞ்ச நேரமாச்சும் அந்த ஆலைய மறந்து கெடக்கட்டும்" என்றார்.

அவர் வழக்கமாக வாங்கும் சென்ட் வராமல் போனதும் என்னையும் பஜாருக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் அதே மாதிரி இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தார். கைக்கு ஒன்றாக அடித்துக்கொண்டார் அண்ணன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. "பொண்ணு பாக்கவா போறீக, இம்புட்டு யோசனை?" என்றார் கடைக்காரர். அண்ணன் எதையும் வாங்காமல் டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்து இடக்கையை நீட்டி, "இப்ப மோந்து பாரு தங்கச்சி" என்றார். சோப்பு வாசனை போய், அடியில் லேசாகக் கரி வாடை அடித்தது.

"மத்தவுகளுக்கு இது நல்ல சென்ட்தான். நம்ம வார்டுக்கு ஆகாது."

வலக்கையில் அடித்த சென்டைத்தான் வாங்கினார்.

சாவு வீட்டில் அவருடைய மைத்துனர் அதே பஜார் கடையில் வாங்கிவந்து பெட்டிக்குள் அடித்துக்கொண்டிருந்தது அந்தக் கரி வாடை சென்டை. பாட்டிலைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது அண்ணன் வேண்டாம்னு வச்சதாச்சே" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானம்மா. செத்தவுகளுக்கு என்ன தெரியப் போவுது?"

ஜெபம் முடிவதற்குள் கரி வாடை எழும்பிவிட்டது. மாரியப்பன் தழும்பேறிய விரல்களால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். அண்ணன் பிழைக்கவைத்த மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். அவருக்காக வந்தவர்கள் தெருவில் நின்றார்கள். மாரியப்பன் வெந்துபோன ஆலையின் முதலாளி மட்டும் பெரிய மாலையோடு வந்து, முகம் சுளிக்காமல் பெட்டி அருகிலேயே நின்றார். அவருக்கு எந்த வாடையும் வரவில்லை.

"செத்தவுகளுக்குத் தெரியாது. நிக்கிறவுகளுக்குத் தெரியுதுல்ல?" என்று கத்தினேன். சாவு வீட்டில் சத்தம் போட்டதாக இன்றும் என்னைக் குறை சொல்கிறார்கள். சொல்லட்டும்.

அண்ணனின் டியூட்டி அலமாரியில் மிச்சமிருந்த கால் பாட்டிலை நான் எடுத்துக்கொண்டேன். பொம்பளைக்கு எதற்கு ஆம்பளை சென்ட் என்கிறார்கள். காலரில் தொட்டுக்கொண்டுதான் வார்டுக்குள் போகிறேன். கட்டில்கள் எல்லாம் காலியாகக் கிடக்கும் ஒரு நாளில் மிச்சத்தை அண்ணனின் கல்லறையில் ஊற்றிவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தேன். பாட்டில் தீர்ந்துவிட்டது. நேற்று புதிது வாங்கினேன்.