ஈதரும் பச்சை மாங்காயும்

பெரிய டாக்டர்கள் வயிற்றைத் திறந்து, தைத்து மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வயிறு வெளியே தள்ளுவதையெல்லாம் எனாமல் தட்டில் ஏந்துவது டாக்டருக்குக் கீழே மருந்து கட்டும் எங்களைப் போன்ற டிரெஸர்களின் வேலை. மலாயாவில் கூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் ஓய்வு பெறும் வரை அதைச் செய்தேன். ஈதர் கொடுத்து மயக்கினால், தெளியும்போது வாந்தி வரும். தலையணையை எடுத்துவிட்டு முகத்தை ஒருபக்கமாகத் திருப்ப வேண்டும். தண்ணீர் கேட்டால் கொடுக்கக் கூடாது. ஈரத்துணியால் உதட்டைத் துடைக்கலாம். குமட்டும்போது தையல் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒருமுறை, அந்தத் தையல் என் மனைவியின் வயிற்றில் இருந்தது.

கல்யாணமாகிப் பல வருஷங்களாக எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் வேண்டாத சாமி இல்லை. கடைசியில் வந்தது பிள்ளை அல்ல, கர்ப்பப்பையில் கட்டி. ஜோகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் மறைக்காமல் சொன்னார்: பையோடு எடுத்தால்தான் உயிர் தங்கும். அவள் தலையாட்டினாள். தோட்டத்தில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டாள். வயிற்று வலிக்கு வைத்தியம் என்று சொல்லிவிட்டு அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் சிலர் தோட்டத்து லாரியில் ஏறி அவளைப் பார்க்க வந்துவிட்டார்கள். அவள் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, நான் பிடித்திருந்த தட்டில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னா தங்கச்சி, வயித்து வலின்னுதானே சொன்னாங்க?" என்றாள் கங்காணியின் மனைவி. பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "அடியே, மொகத்தப் பாருங்கடி! இது வலியா? மசக்கைடி!" என்று கத்தினாள்.

"ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்குறாரு டிரெஸர் ஐயா. சொந்த வீட்டு மசக்கை தெரியல பாரு!" என்றாள் இன்னொருத்தி.

"ஆம்பளைக்கு என்னாடி தெரியும்? பசாருக்கு ஓடு, பச்ச மாங்கா வாங்கியா" என்று ஒருத்தியை விரட்டினாள் கங்காணியின் மனைவி.

நான் சொல்ல வாயெடுத்தேன். போர்வைக்குள் தையல் மேல் இருந்த என் கையை அவள் இறுக்கிப் பிடித்தாள்.

மாங்காய் வந்தது, கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி. இப்போது எதுவும் வாயில் வைக்கக் கூடாது என்று நான் சட்டம் பேசினேன்.

"சும்மா மோந்து பாக்கட்டும் ஐயா, ஆசைதானே?"

ஒரு துண்டை அவள் மூக்கருகே நீட்டினார்கள். அவள் கண்ணை மூடி மோந்தாள். சிரித்தாள். உடனே குமட்டியது. பெண்களுக்கு ஒரே கும்மாளம். ஆணா பெண்ணா என்று சண்டை போட்டுக்கொண்டே லாரிக்குப் போனார்கள்.

"ஏங்க, இந்த வாந்தி எப்ப நிக்கும்?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஈதர் ஒடம்ப விட்டுப் போயிட்டா நின்னுடும். காலையில சரியாயிடும், பயப்படாத."

"இன்னும் ரெண்டு நாளு இருக்கட்டுமே."

இதற்கு என்ன செய்வதென்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. தெரிந்ததைச் செய்தேன். ஐஸ் துண்டை நாக்கில் வைத்தேன். ஒரு நாள் கடந்துவிட்டதால், இரவில் சோடாத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். சமையல் வாடை வராமல் ஜன்னலைச் சாத்தினேன். என் உத்தியோகத்தில் அவ்வளவு சுத்தமாக நான் வேறெந்த நோயாளிக்கும் வேலை பார்த்ததில்லை. விடிந்தபோது வாந்தி நின்றிருந்தது. நர்ஸ் என்னைப் பாராட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அலமாரி மேல் பெண்கள் விட்டுப்போன மாங்காய்த் துண்டு கறுத்துக் கிடந்தது. என் மனைவி அதைக் கேட்டு வாங்கி மோந்து பார்த்தாள். குமட்டவில்லை. இன்னொரு முறை மோந்தாள்.

அதற்குப் பிறகுதான் அழுதாள். குலுங்கி அழுதால் தையல் பிரிந்துவிடும். உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.